வீணை தனம்மாள் குடும்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் சீசன் வந்தால் சபா கேன்டீன் வரிசையில் நிற்கும்போதே ஆரம்பித்துவிடும். "பிருந்தா, பாலா, விஸ்வா எல்லாம் ஒரே குடும்பமாமே?" என்று ஒருவர் கேட்பார், இன்னொருவர் தப்பாகப் பதில் சொல்வார். பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளைகள், நாட்டியம் பார்க்க வருகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் உறவினர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட சந்தேகங்களை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

தனம்மாள் குடும்பம்னா யாரு யாரு? சுருக்கமா சொல்லுங்களேன்.

நடுவில் வீணை தனம்மாளை (1867–1938) வைத்துக்கொள்ளுங்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்து, அங்கேயே பெயரெடுத்தவர். அவருடைய பாட்டி காமாட்சி அம்மாள் பேர்போன நாட்டியக் கலைஞர். தாயார் சுந்தரம்மாள் பாடகி. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் கற்றவர். வம்சத்தின் வேர் தஞ்சாவூர் அரண்மனையில் இருக்கிறது.

தனம்மாளுக்கு நான்கு பெண்கள்: ராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி. மூத்தவர்கள் இருவரும் ஜோடியாகக் கச்சேரி செய்தார்கள். ஜயம்மாளின் பிள்ளைகளில் மூவர் உலகத்துக்கே தெரிந்தவர்கள்: நாட்டியத்தில் பாலசரஸ்வதி, மிருதங்கத்தில் ரங்கநாதன், புல்லாங்குழலில் விஸ்வநாதன். காமாட்சியின் பெண்கள் பிருந்தா, முக்தா, வயலின் வாசித்த அபிராமசுந்தரி. லட்சுமிரத்தினத்தின் மகன் சங்கரன். மற்றதெல்லாம் இந்தக் கிளைகளிலிருந்து வருபவைதான்.

எல்லார் பேருக்கு முன்னாலயும் "டி" இருக்கே, அப்போ எல்லாருக்கும் ஒரே அப்பாவா?

இல்லை. அந்த 'டி' தஞ்சாவூரைக் குறிக்கும் ஊர் முதலெழுத்து. டி. பிருந்தா, டி. பாலசரஸ்வதி, டி. விஸ்வநாதன், டி. சங்கரன் எல்லாருக்கும் அதேதான். சென்னையில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட மூதாதையர் ஊரின் எழுத்தைத்தான் போட்டுக்கொண்டார்கள்.

அப்பா பெயரின் முதலெழுத்து ஏன் இல்லை என்றால், இது தாய்வழியில் ஓடிய குடும்பம். தேவதாசி மரபில் வீட்டுக்குத் தலைமை பெண். பெயரும் வித்தையும் வீடும் அம்மாவிடமிருந்து பெண்ணுக்குப் போகும். ஆகவே வம்சாவளி வரையும்போது அப்பாவைத் தேடிக் குழம்பாமல் அம்மாக்களைப் பிடித்துக்கொண்டு போங்கள், எல்லாம் நேராக வரும்.

பிருந்தாவும் பாலசரஸ்வதியும் அக்கா தங்கையா?

ஒரு வகையில் ஆமாம். அவர்களுடைய அம்மாக்கள் கூடப்பிறந்தவர்கள், அதனால் பெரியம்மா பெண், சித்தி பெண் முறை. பிருந்தா 1912, முக்தா 1914, பாலா 1918. மேடையில் ஜோடியாகப் பாடிய 'பிருந்தா–முக்தா' மட்டும்தான் கூடப்பிறந்த சகோதரிகள். சுவரொட்டியில் இரண்டு பெயரையும் ஒன்றாகவே பார்த்துப் பழகி, பிருந்தாமுக்தா என்று ஒரே ஆள் இருந்ததாக நினைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வீணை வாசிச்சவங்க எத்தனையோ பேர். தனம்மாள்கிட்ட அப்படி என்ன விசேஷம்?

விரலில் கம்பி மாட்டிக்கொண்டு மீட்டுவதுதான் வீணைக்காரர்களிடம் பொதுவான வழக்கம். தனம்மாள் வெறும் விரலாலேயே மீட்டினார். சத்தம் சின்னது, உலோக ஓசை கிடையாது. கூடவே தாமும் பாடுவார். வீணை எங்கே நிற்கிறது, குரல் எங்கே எடுக்கிறது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிடிக்கும். ஒரு ராகத்தை அரை மணி நேரம் இழுக்கிற வேலையே இல்லை. சில நிமிடங்களில் ராகத்தின் முகம் முழுசாகத் தெரிந்துவிடும், அத்தோடு கிருதிக்கு, அதாவது பாட்டுக்கு, போய்விடுவார்.

இரண்டாவது, அவர் வைத்திருந்த பாட்டுக் கையிருப்பு. வீட்டு வழியில் சியாமா சாஸ்திரி பரம்பரை. சாத்தனூர் பஞ்சு ஐயரிடமிருந்து முத்துசாமி தீட்சிதர் கிருதிகள். கண் தெரியாத வித்வான் வாலாஜாபேட்டை பாலகிருஷ்ண தாஸிடமிருந்து க்ஷேத்ரக்ஞர் பதங்கள். அவருக்கு 'பதம் பால்தாஸ்' என்றே பெயர். தருமபுரி சுப்பராயர் ஜாவளிகளும் இந்த வீட்டுச் சொத்து (பதம், ஜாவளி என்றால் என்ன என்று கீழே வருகிறது). இத்தனையும் ஒரே மனுஷியிடம் வந்து சேர்ந்ததுதான் பெரிய விஷயம். நல்ல வாசிப்பு என்பதோடு நின்றிருந்தால் இன்று வீணைக்காரர்கள் மட்டும்தான் அவரைப் பேசியிருப்பார்கள். இன்று பாடகரும் நாட்டியக்காரரும் அவர் பெயரைச் சொல்வது இந்தக் கையிருப்பால்தான்.

வெள்ளிக்கிழமை கச்சேரின்னு சொல்றாங்களே, அது என்ன?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜார்ஜ் டவுன் வீட்டில் தனம்மாள் வாசிப்பார். வித்வான்களும் நல்ல ரசிகர்களும் வந்து உட்காருவார்கள். மைக் கிடையாது. வெறும் விரலில் வரும் அந்தச் சன்னமான நாதத்தைக் கேட்க வேண்டுமானால் யாரும் வாய் திறக்கக் கூடாது. பேசினால் அம்மாள் பொறுக்கமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். கடைசிக் காலத்தில் அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. அப்போதும் வீணையை விடவில்லை.

1930களில் கொலம்பியா கம்பெனி அவருடைய வாசிப்பைத் தட்டுகளில் பதிவு செய்தது. அறுபது வயதைத் தாண்டியவர், மூன்று நிமிடச் சொச்சம் ஓடும் தட்டு. நமக்கு மிஞ்சியது அதுதான். ஒலிப்பதிவின் இரைச்சலுக்குக் காது பழகக் கொஞ்ச நேரம் ஆகும். பழகினபின் மேலே சொன்ன 'சில நிமிடத்தில் ராகம்' என்பது உங்களுக்கே விளங்கும்.

பதம், ஜாவளி ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு பேரு?

இரண்டும் காதல் பாட்டு, இரண்டும் நாட்டியத்துக்கு ஆகும். ஆனால் நடை வேறு. பதம் பெரும்பாலும் சவுக்க காலம் (மெதுவான நடை), கனமான ராகம், வார்த்தைக்கு வார்த்தை நின்று போகும். தெலுங்கில் க்ஷேத்ரக்ஞர் (17ஆம் நூற்றாண்டு) பதங்கள்தான் உச்சம். தமிழில் முத்துத்தாண்டவர், கனம் கிருஷ்ணையர், வைத்தீஸ்வரன் கோயில் சுப்பராமையர் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஜாவளி 19ஆம் நூற்றாண்டில் பெருகியது. துள்ளும், சீண்டும், சீக்கிரம் முடியும்.

ஒரு பதத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். 'பய்யெத' என்று தொடங்கும் க்ஷேத்ரக்ஞர் பதம், நாதநாமக்கிரியை ராகம். என் மேலாடைமேல் சாய்ந்து படுத்துக் கிடப்பாரே அந்த நாளில் என்று, போய்விட்ட காதலனை நினைத்து ஒருத்தி சொல்வது. பிருந்தா–முக்தா பாடும்போது அந்த முதல் வரி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் சொல் அதேதான். எந்த எழுத்தில் நிற்கிறார்கள், எந்த ஸ்வரத்தை எவ்வளவு அசைக்கிறார்கள் என்பது மாறும். நாலாவது தடவை கேட்கும்போது அந்தப் பெண்ணுக்கு அது பழைய நினைப்பாகவே இல்லை என்று தோன்றும். மொழி தெரியாவிட்டாலும் தோன்றும்.

உண்மையைச் சொல்லுங்க, எதுக்கு இவ்வளவு மெதுவா பாடணும்? தூக்கம் வருதே.

தூக்கம் வருகிறது என்றால் வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்கிறீர்கள் என்று அர்த்தம். இந்தப் பாணியில் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் இருக்கிற இடத்தில்தான் பாட்டே இருக்கிறது. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைப்பது, முழுசாக வர அதற்கு நேரம் வேண்டும். வேகத்தைக் கூட்டினால் முதலில் காணாமல் போவது அதுதான். அதனாலேயே இதை ஸ்வரப்படுத்தி எழுதிவைத்துப் படிப்பதும் கஷ்டம். 'க' என்று எழுதிவிடலாம். அந்த 'க' எங்கிருந்து புறப்பட்டு எதைத் தொட்டுவிட்டு வருகிறது என்று எப்படி எழுதுவது? எதிரே உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

மெதுவாகப் பாடுவதால் தாளம் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். கையில் தாளம் போட்டுக்கொண்டு ஒரு பதத்தைப் பாடிப் பாருங்கள், இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே (தாளச் சுற்றிலேயே) கை தடுமாறும்.

அப்படின்னா பிருந்தாவை ஏன் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளைகிட்ட அனுப்பினாங்க? அவர் கணக்குல புலியாச்சே.

கெட்டிக்காரக் கேள்வி. நாயனாப் பிள்ளை லயத்தில் எமகாதகர். பக்கவாத்தியங்களை வரிசையாக உட்காரவைத்து 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி செய்தவர். தனம்மாள் வீட்டுச் சன்னத்துக்கு நேர் எதிர்த்துருவம் என்று தோன்றும். பிருந்தாவும் முக்தாவும் சிறு வயதில் அவரிடம் குருகுலமாக இருந்து கற்றார்கள்.

என் கணிப்பைச் சொல்கிறேன். பதமும் ஜாவளியும் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும். மேடையில் முழுக் கச்சேரி செய்ய வேண்டுமானால் தியாகராஜர் கிருதிகள் ஏராளமாக வேண்டும், தாளத்தில் அசையாத பிடி வேண்டும். நாயனாப் பிள்ளையிடம் இரண்டும் இருந்தன. போன பதிலில் சொன்ன அந்த மெதுவான பதத்தில் இந்தச் சகோதரிகள் இம்மியும் பிசகாமல் நின்றதற்கு அந்தக் காஞ்சிபுரத்துப் பயிற்சிக்கும் பங்கு உண்டு.

எல்லாரும் பாட்டு, வீணைன்னு இருக்கறப்ப பாலசரஸ்வதி மட்டும் எப்படி நாட்டியத்துக்குப் போனாங்க?

போனார் என்பதைவிடத் திரும்பினார் என்று சொல்லலாம். முதல் பதிலில் வந்த காமாட்சி அம்மாள் ஆடினவர்தானே. அதற்கப்புறம் ஆட்டம் விட்டுப்போயிருந்தது. 1890களிலிருந்தே சதிருக்கு (இன்றைய பரதநாட்டியத்தின் பழைய பெயர்) எதிரான பிரசாரம் சென்னையில் பலமாக நடந்தது. பெண் குழந்தையை நாட்டியத்தில் விடுவது என்றால் வீட்டிலேயே யோசிப்பார்கள். ஜயம்மாள் துணிந்தார். நாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த கந்தப்பா பிள்ளையிடம் விட்டார். கந்தப்பா கண்டிப்பில் நெருப்பு. 1925இல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அம்மன் சன்னிதியில் அரங்கேற்றம் ஆனது. அபிநயத்துக்கு (பாட்டின் பொருளை முகத்தாலும் கையாலும் காட்டுவது) மயிலாப்பூர் கௌரி அம்மாள், கூச்சிப்பூடி வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரி ஆகியோரிடமும் கற்றார்.

ஆனாலும் அவர் பாட்டை விட்டவரல்ல. பாலா ஆடும்போது பின்னால் பாடியது பல வருஷம் ஜயம்மாள்தான். பாலாவும் ஆடிக்கொண்டே பாடுவார். 'கிருஷ்ணா நீ பேகனே' பாட்டில் ஒரே வரிக்குக் குழந்தையைக் கூப்பிடுவது, கெஞ்சுவது, மிரட்டுவது, பொய்க்கோபம் என்று மாற்றி மாற்றிச் செய்வது முன்கூட்டி ஒத்திகை பார்த்த வரிசை கிடையாது. பாட்டு அந்த நிமிஷத்தில் எப்படிப் போகிறதோ அப்படி. அம்மா பாட்டை எங்கே திருப்புகிறாரோ, மகள் கை அங்கே போகும்.

ருக்மிணி தேவிக்கும் பாலாவுக்கும் சண்டைன்னு சொல்றாங்களே?

சண்டை என்பதைவிடக் கொள்கை வேறுபாடு. ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் முதல் முறையாக மேடை ஏறினார், 1936இல் கலாக்ஷேத்ரா தொடங்கினார். சிருங்காரப் பதங்களில், அதாவது காதல் ரசப் பதங்களில், பச்சையாகப் பட்டதை ஒதுக்கி, பக்தியை முன்னே வைத்தார். உடை, மேடை அமைப்பு எல்லாவற்றையும் மாற்றினார். பாலாவோ சிருங்காரம்தான் ரசங்களில் தலைமை, அதில் சுத்தம் செய்ய ஒன்றுமே இல்லை என்று கடைசிவரை சொன்னார். 1975 டிசம்பரில் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றியபோது நாட்டியக் கச்சேரியைக் கோயிலுக்கு ஒப்பிட்டார்: தொடக்க உருப்படிகளான அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம் என்று உள்ளே உள்ளே போய், பதம் வரும்போது கருவறை. மற்றவர்கள் கூசின இடத்தை அவர் கருவறையில் கொண்டுபோய் வைத்தார் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மேலே வந்த மயிலாப்பூர் கௌரி அம்மாள் ருக்மிணி தேவிக்கும் கற்றுக்கொடுத்தவர். இரண்டு முகாமுக்கும் அபிநயம் போனது மயிலாப்பூர்க் கோயிலில் ஆடின அதே அம்மாளிடமிருந்து.

தேவதாசி ஒழிப்புச் சட்டத்தால இந்தக் குடும்பத்துக்கு நல்லதா கெட்டதா?

ஒரு வரியில் சொல்ல முடியாது. முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சட்டசபையில் எழுப்பிய கோரிக்கை 1947இல் சட்டமானது. பொட்டுக்கட்டுவதை, அதாவது பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதை, தடுத்ததோடு, கோயிலிலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் அது தடுத்தது. சின்னப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் கொடுமை நிற்க வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதே அடியில், வித்தையை மட்டுமே சொத்தாக வைத்திருந்த பெண்களுக்குப் பிழைப்பும் மரியாதையும் போயின. 1930களிலிருந்தே வேறு வீட்டுப் பெண்கள் மேடைக்கு வர, பரம்பரையாக ஆடினவர்களின் பெண்கள் மேடையை விட்டு இறங்கினார்கள். அப்படி இறங்காமல் நின்ற மிகச் சிலரில் பாலா ஒருவர்.

அவருக்கும் 1940களில் வாய்ப்பு குறைந்து உடம்பும் ஒத்துழைக்காத காலம் இருந்தது. கந்தப்பா 1941இல் போய்விட்டார். பிறகு மியூசிக் அகாடமியின் ஆதரவில் நாட்டியப் பள்ளி, அப்புறம் வெளிநாடு என்று இரண்டாவது சுற்று தொடங்கியது.

வீட்டு ஆம்பளைங்க என்ன பண்ணாங்க?

ரங்கநாதன் (1925–1987) பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் மிருதங்கம் கற்றார். விஸ்வநாதன் (1927–2002) திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் குழல். விஸ்வா வாசித்தால் குழல் பாடுகிற மாதிரியே இருக்கும், காரணம் வீட்டில் கேட்டதெல்லாம் வாய்ப்பாட்டு. கச்சேரி நடுவில் குழலைக் கீழே வைத்துவிட்டுப் பாடவும் செய்வார். சங்கரன் வானொலியிலும் தமிழ் இசைச் சங்கக் கல்லூரியிலும் பணியாற்றினார். பாட்டி வீட்டுக் கதைகளில் பாதி நமக்குக் கிடைத்தது அவர் எழுதியும் பேசியும் வைத்ததால்.

அமெரிக்காவுல எப்படி இவ்வளவு பேரு? யார் முதல்ல போனது?

விஸ்வநாதன் 1950களின் கடைசியில் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சலஸ் போனார். பாலா 1961இல் டோக்கியோவில் ஆடினார், 1962இல் அமெரிக்காவில் ஜேக்கப்ஸ் பில்லோ நாட்டிய விழாவில், 1963இல் எடின்பரோவில். கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ரங்கநாதன் 1963இல் மிருதங்கம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1975இலிருந்து விஸ்வாவும் அங்கேயே. பிருந்தாவும் சியாட்டில் போய் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்திருக்கிறார்.

'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்று நாம் கொண்டாடிய ஜான் ஹிக்கின்ஸ் வெஸ்லியனில் வந்தவர், விஸ்வாவின் சீடர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே பரதநாட்டியத்தின் சங்கீதத்தைப் பற்றியது. 1984 பிப்ரவரியில் பாலா காலமானார். அதே வருஷம் டிசம்பரில் ஹிக்கின்ஸ் அமெரிக்காவில் கார் மோதி இறந்தார்.

ஒரே குடும்பத்துல எத்தனை பேருக்கு சங்கீத கலாநிதி?

மியூசிக் அகாடமி கொடுக்கும் இந்தப் பட்டம் மூன்று பேருக்கு: பாலசரஸ்வதி 1973, பிருந்தா 1976, விஸ்வநாதன் 1988. நாட்டியக் கலைஞருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அபூர்வம் என்பதால் 1973 இன்றும் பேசப்படுகிறது. தனம்மாளுக்கு ஏன் இல்லை என்றும் கேட்பார்கள். பட்டம் 1942இல்தான் வந்தது, அவர் 1938இலேயே போய்விட்டார். முக்தாவுக்கு இது கிடைக்காதது எனக்கு உறுத்தல்தான்.

எம்.எஸ். சுப்புலட்சுமி இந்தக் குடும்பமா? சிலர் ஆமாங்கறாங்க.

இல்லை. எம்.எஸ். மதுரை, அம்மா வீணை சண்முகவடிவு. 'வீணை', 'அம்மா' இரண்டும் சேர்ந்து இந்தக் குழப்பம் வருகிறது. ஆனால் பிருந்தாவிடம் எம்.எஸ். பதங்கள் கற்றுக்கொண்டார். பாலாவும் எம்.எஸ்.ஸும் இளமைத் தோழிகள். இருவரும் பைஜாமா உடையில் சிகரெட்டோடு விளையாட்டுக்கு எடுத்துக்கொண்ட பழைய புகைப்படம் ஒன்று பிற்பாடு வெளியாகி ஊரையே திகைக்கவைத்தது.

பிருந்தாவிடம் கற்றவர்கள் பட்டியல் நீளம். ராம்நாட் கிருஷ்ணன், அருணா சாய்ராம் அதில் உண்டு. முக்தாவிடம் பதம், ஜாவளி கற்றவர்களில் ஆர். வேதவல்லியைச் சொல்ல வேண்டும்.

இப்போ குடும்பத்துல யாராவது இருக்காங்களா, இல்ல அதோட முடிஞ்சுதா?

பிருந்தாவின் மகள் வேகவாகினி விஜயராகவன் அம்மாவின் பாடாந்தரத்தை (பாட்டு வழியை) பாடியும் கற்பித்தும் வந்தவர். பேரன் திருவாரூர் கிரீஷ் பாடகர். பாலாவின் மகள் லட்சுமி நைட் (1943–2001) ஆடினார். லட்சுமியின் கணவர் டக்ளஸ் நைட் ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்ற அமெரிக்கர். அவர்கள் மகன் அனிருத்தா நைட் பாட்டியின் பாணியில் ஆடிவருகிறார்.

தாய்வழியாகவே ஓடின வித்தை (இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்) நாட்டியத்தில் இப்போது ஒரு பேரனிடம் நிற்கிறது. ஆண் ஆடலாமா என்று முணுமுணுப்பவர்களும் இருக்கிறார்கள். பதத்தின் நாயகியை ஆண் காட்ட முடியாது என்றால், அந்தப் பதத்தை எழுதிய க்ஷேத்ரக்ஞர் யார் என்று திருப்பிக் கேளுங்கள்.

வீட்டுக்கு வெளியே சீடர்களுக்குப் போனா, அது இன்னும் தனம்மாள் பாணிதானா?

இதில் சபைக்குச் சபை கருத்து வேறுபடும். வீட்டு ரத்தம் இல்லாமல் வராது என்பார்கள் சிலர். எனக்கு அதில் சம்மதம் இல்லை. தனம்மாளே பதங்களைக் கற்றது வீட்டுக்கு வெளியே இருந்த பால்தாஸிடம். பேத்திகள் போனது நாயனாப் பிள்ளையிடம். பாலா, ரங்கநாதன், விஸ்வா மூவருக்கும் குரு வெளியார்தான். இந்தக் குடும்பம் எப்போதும் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எதிரே உட்கார்ந்து வருஷக்கணக்கில் கேட்டவருக்கு வரும்; பதிவைப் போட்டு ஒரு வாரத்தில் இறக்கினவருக்கு வராது, அவர் யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி.

நான் புதுசு. எதுல ஆரம்பிச்சுக் கேக்கட்டும்?

தனம்மாள் தட்டுகளில் ஆரம்பிக்காதீர்கள், இரைச்சலில் மிரண்டுபோவீர்கள். முதலில் பிருந்தா–முக்தா பாடிய ஜாவளிகள் இரண்டு மூன்று, பரஸ் ராகத்தில் 'ஸ்மர சுந்தராங்குனி' மாதிரி. அடுத்து விஸ்வநாதனின் குழல். காது பழகினபின் 'பய்யெத', இரவில், வேறு வேலை இல்லாதபோது. தனம்மாள் கடைசியில்.

பாலாவைப் பார்க்க சத்யஜித் ரே 1976இல் எடுத்த 'பாலா' என்ற அரை மணி நேர ஆவணப்படம் இருக்கிறது. படமெடுக்கும்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டை ஒட்டி. இளமையில் எடுத்திருக்கலாமே என்று எல்லாரும் அங்கலாய்ப்பார்கள், நானும்தான். கடற்கரையில் அவர் 'கிருஷ்ணா நீ பேகனே' ஆடும் பகுதி வரும். முதல் தடவை முகத்தை மட்டும் பாருங்கள், இரண்டாவது தடவை படத்தைப் பார்க்காமல் பாட்டை மட்டும் கேளுங்கள்.